பர்மிய எண்களைத் தமிழ்க் காதோடு படிப்பது

பர்மிய மொழியில் எண்ணக் கற்றுக்கொள்ள நினைக்கும் தமிழர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும் ஒரு பட்டியலை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதை ஒதுக்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பட்டியல்கள் ஆங்கிலம் பேசுபவரின் வாய்க்காக எழுதப்பட்டவை. ங என்ற எழுத்தை ஐந்து வயதிலேயே அரிச்சுவடியில் சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும், மூக்கொலிக்குப் பின் வல்லினம் மெலிவதும், லட்சத்தில் கணக்குப் போடுவதும் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தமிழ்க் காது ஏமாறும் இடங்கள் சில உண்டு. அவற்றை முதலிலேயே அடையாளம் கண்டுகொண்டால் மற்றது வேகமாக வரும்.

எழுதிக்கொள்ளும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள். சுலோகப் புத்தகங்களில் க², க³ என்று எண் போட்டு அச்சிடுவார்களே, அதே வழக்கம் இங்கே அருமையாகப் பொருந்துகிறது. எண் இல்லாத க, ச, த, ப எல்லாம் வல்லொலி. ² போட்டால் கூடவே மூச்சுக்காற்று வெளியே வர வேண்டும். ³ போட்டால் ‘தங்கம்’ என்பதில் வரும் க போல மெல்லொலி. ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்னும்போது நாக்கு பல்லிடையே வரும் ஒலிக்கு ஃத. உயிரியல் பூங்காவைக் குறிக்கும் ‘ஜூ’வின் தொடக்க ஒலியை ஆங்கிலேயர் ‘ஸூ’ என்று அதிர்த்துச் சொல்வார்களே, அதற்கு ஃஸ. சொல்லின் முடிவில் வரும் ங்-ஐ அழுத்திச் சொல்லக் கூடாது. பேச்சில் ‘மரம்’, ‘வந்தான்’ என்பவற்றை எப்படி உதடும் நாக்கும் ஒட்டாமல் மூக்கில் முடிக்கிறோமோ, அப்படி. ஆங்கிலம் பேசுபவருக்கு இதைப் பழக்க நாளாகும். நமக்கு இது அன்றாடப் பேச்சு.

அடுத்து தொனி. பர்மிய மொழியில் நான்கு. குறியே இல்லாவிட்டால் தாழ்ந்த, சமமான குரல். இரண்டு புள்ளி ( : ) இருந்தால் உயரத்தில் தொடங்கி, நீண்டு, இறங்கும் குரல். பர்மிய எழுத்திலும் இதற்கு இரண்டு புள்ளிதான் போடுகிறார்கள். நடுப்புள்ளி ( · ) இருந்தால் தொண்டையை இறுக்கி வெட்டென்று முடிப்பது. மேற்குறி ( ’ ) இருந்தால் மூச்சு தொண்டையில் சட்டென்று அடைபடும். அதன் பின் எந்த மெய்யொலியும் வராது. ஆங்கிலப் பட்டியல்களில் டி, கே என்று முடியும் சொற்கள் எல்லாம் இந்த வகை. அந்த டி-யையும் கே-யையும் உச்சரித்தால் கேட்பவருக்குப் புரியாது.

இப்போது எண்கள். ஒன்று தி’, இரண்டு ஹ்னி’, மூன்று ஃதோங்:, நான்கு லே:, ஐந்து ஙா:, ஆறு சௌ²’, ஏழு கு²ன்-ஹ்னி’, எட்டு ஷி’, ஒன்பது கோ:, பத்து த-ஸெ. சுழியம் ஃதோங்-ஞ·.

ஹ்னி’ என்பதில் முதலில் மூக்கு வழியாகக் காற்று மட்டும் வந்து, பிறகுதான் ன ஒலிக்க வேண்டும். ஒன்பதில் மூச்சு விடவே கூடாது. கோ: என்றால் ஒன்பது, கோ²: என்றால் திருடு. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஆறு சொல்லும்போது கையில் காற்றுப் பட வேண்டும், ஒன்பதுக்குப் படக் கூடாது. ஸ-விலும் இதே மூச்சு வேறுபாடு உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம், சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்வார்கள்.

ஐந்து தொனிக்கு நல்ல பயிற்சி. ஙா: என்று இறங்குகுரலில் சொன்னால் ஐந்து, மீன் என்று இரண்டு பொருள். தாழ்ந்த குரலில் ஙா என்றால் ‘நான்’. அதுவும் நெருங்கிய நண்பரிடம் மட்டும் சொல்லும் ‘நான்’. புதியவரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. மூச்சோடு ங்ஹா: என்றால் வாடகைக்கு எடுப்பது. இதுபோல் ஹ்னி’ என்பது இரண்டு மட்டுமல்ல, ஆண்டும் அதுதான். சௌ²’ ஆறு, உலர்ந்தது என்றும் பொருள். லே: நான்கு, கனமானது என்றும் பொருள். இந்த இரட்டைகளைச் சேர்த்தே படித்தால் இரண்டு சொல் ஒரே நேரத்தில் மனத்தில் தங்கும்.

தொலைபேசி எண் வாங்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். காரணம் எளிது: 1, 2, 7, 8 நான்கும் இ’ என்ற ஒரே ஒலியில் முடிகின்றன. காதுக்குத் தெரிவது தொடக்க ஒலி மட்டும். கட்டுமானத் தளத்திலோ சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலிலோ இரைச்சலில் அதுவும் தெரியாது. போதாக்குறைக்கு சுழியமும் மூன்றும் ஃதோங் என்றே தொடங்குகின்றன. மூன்று நீண்டு இறங்கும். சுழியம் தாழ்வாகத் தொடங்கி ஞ· என்று வெட்டி முடியும். ஆகவே எட்டு இலக்கத்தையும் ஒரே மூச்சில் வாங்காமல் நான்கு நான்காகப் பிரித்துத் திருப்பிச் சொல்லுங்கள். சரி என்றால் ஹோ’-கெ·, இல்லை என்றால் ம-ஹோ’-பூ²: என்று பதில் வரும்.

பதினொன்று முதல் பத்தொன்பது வரை ஸெ· என்று இறுக்கித் தொடங்கி அலகைச் சேர்க்க வேண்டும்: ஸெ·-தி’, ஸெ·-ஹ்னி’, ஸெ·-ஃதோங்:. பத்தின் மடங்குகளில்தான் மொழியின் முக்கிய விதி வெளிப்படுகிறது. 30, 40, 50, 90 ஆகியவை ஃதோங்:-ஃஸெ, லே:-ஃஸெ, ஙா:-ஃஸெ, கோ:-ஃஸெ. ஆனால் 60, 80 சௌ²’-ஸெ, ஷி’-ஸெ. தொண்டை அடைபடும் சொல்லுக்குப் பின் அடுத்த ஒலி வல்லொலியாகவே நிற்கும். உயிரிலோ மூக்கொலியிலோ முடியும் சொல்லுக்குப் பின் அது மெலியும். ‘பாக்கு’ என்பதிலும் ‘பாங்கு’ என்பதிலும் கு ஒரே எழுத்துத்தான், ஒலி வேறு. யாரும் நமக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அந்தப் பழக்கத்தையே இங்கே கொண்டுவந்தால் போதும்.

இன்னொரு மாற்றம்: 1, 2, 7 ஆகியவற்றுக்குப் பின்னால் ஏதாவது சேர்ந்தால் அவை சுருங்கும். தி’ த- ஆகும், ஹ்னி’ ஹ்ன- ஆகும், ஏழு கு²ன்-ன- ஆகும். அந்த அ-வை வாய் திறந்து சொல்லாமல் விழுங்கிவிட வேண்டும். சுருங்கினாலும் இவை தொண்டை அடைபடும் சொற்களே, ஆகவே அடுத்த ஒலி மெலியாது. இருபது ஹ்ன-ஸெ, எழுபது கு²ன்-ன-ஸெ, நூறு த-யா. நூற்றுக்குப் பின் வேறு எண் தொடர்ந்தால் யா·, பத்துக்குப் பின் தொடர்ந்தால் ஸெ· என்று இறுகும். 147 என்றால் த-யா·-லே:-ஃஸெ·-கு²ன்-ஹ்னி’. பேருந்து எண்களையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் எண்களையும் நடந்துபோகும்போது இப்படிச் சொல்லிப் பார்ப்பது, உட்கார்ந்து ஒன்றிலிருந்து நூறு வரை ஒப்பிப்பதைவிடப் பயன் தரும். வரிசையாகப் படித்த எண், நடுவிலிருந்து கேட்டால் வாயில் வராது.

பெரிய எண்களில் தவறு செய்தால் பணம் போகும். ஆயிரம் த-தௌ²ங், பத்தாயிரம் த-ஃதௌங்:. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான், ஒரு எச் இடம் மாறி நிற்கும், அவ்வளவே. முதலாவதில் த-வும் மூச்சும், குரல் தாழ்வு. இரண்டாவதில் நாக்கு பல்லிடையே, குரல் நீண்டு இறங்கும். ஊருக்குப் பணம் அனுப்பும் கணக்கில் இதைக் குழப்பினால் பத்து மடங்கு வித்தியாசம். எந்தத் தொகையானாலும் கைப்பேசிக் கணிப்பானில் தட்டிக் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. இதில் வெட்கம் வேண்டாம், அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பத்தாயிரத்துக்கு மேலே நமக்கு அனுகூலம். பர்மியர் லட்சத்தில்தான் பேசுவார்கள். லட்சம் த-ஃதேங்:, பத்து லட்சம் த-ஃதாங்:, கோடி க³-தே³. கடைசிச் சொல் பாளி மொழியின் கோடி வழியாக வந்தது. சம்பளம், வீட்டு விலை, கல்யாணச் செலவு எல்லாம் ஃதேங்: கணக்கு. சிங்கப்பூரில் வளர்ந்து மில்லியனில் மட்டுமே நினைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு முதலில் தாத்தா பாட்டியின் லட்சத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இதைத் தொடங்குங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொகை பத்தின் மடங்காக இருந்தால் வரிசை புரளும். ஐந்து லட்சம் ஙா:-ஃதேங்:, ஆனால் ஐம்பது லட்சம் ஃதேங்: ஙா:-ஃஸெ. நாணயமும் அப்படியே. ஐந்து சா’ என்றால் ஙா:-ஜா’. பத்தாயிரம் என்றால் சா’ த-ஃதௌங்:. நாளிதழில் ‘கியாட்’ என்று எழுதப்படும் நாணயத்தின் பெயர் வாயில் சா’ என்றுதான் வரும். ஆங்கிலத்தில் கே-ஒய் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் ச-தான்.

எடை வாங்கும்போது பெய்’ஃதா என்ற அளவு காதில் விழும். ஏறக்குறைய 1.63 கிலோ. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘விஸ்’ என்ற சொல் நம்முடைய வீசைதான். ஆனால் நம் ஊர் வீசை 1.4 கிலோ அளவில் இருந்தது, இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள்.

எண்ணைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிட, எண்ணும் அதன் பின்னால் வரும் அலகுச் சொல்லும் சேர்ந்த ஜோடியாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பர்மிய மொழியில் வெறும் எண் தனியாக நிற்பது குறைவு. மனிதர்களுக்கு யௌ’, விலங்குகளுக்கு கௌங், உருண்டையானவற்றுக்கு லோங்:, வண்டிகளுக்கு ஸீ:, உடைகளுக்குத் தெ², கோப்பைக்கு க்வெ²’, தட்டு உணவுக்கு ப்வெ:, பொட்டலத்துக்குத் தோ²’. மற்ற பொருள்களுக்குப் பொதுவாக கு²·. சந்தை மலாய் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. துவா ஓராங், தீகா ஏக்கோர், அம்பாட் பிஜி என்பதும் இதே ஏற்பாடுதான். நம்மிடமும் ‘ரெண்டு பேர்’ இருக்கிறது. வரிசை மட்டும் மலாய்க்கு மாறானது. பொருள் முதலில், எண் அடுத்து, அலகு கடைசி. ‘டீ ரெண்டு கப்’ என்று காப்பிக்கடையில் சொல்லும் அதே வரிசை: லபெ²’-யே ஹ்ன-க்வெ²’.

கு²· வை ஒன்றிலிருந்து ஒன்பது வரை சத்தமாகச் சொல்லிப் பழகினால் மேலே சொன்ன எல்லா விதியும் ஒரே மூச்சில் வந்துவிடும்: த-கு²·, ஹ்ன-கு²·, ஃதோங்:-கு³·, லே:-கு³·, ஙா:-கு³·, சௌ²’-கு²·, கு²ன்-ன-கு²·, ஷி’-கு²·, கோ:-கு³·. இது சரளமாக வந்த பிறகு க்வெ²’ வைத்துச் சொல்லுங்கள், பிறகு யௌ’. ஐந்து மீனுக்கு ஙா: ஙா:-கௌ³ங், இரண்டு ஆண்டுக்கு ஹ்ன-ஹ்னி’. அலகுச் சொல் மறந்துபோனால் பொருள்களுக்கு கு²· போட்டுச் சமாளிக்கலாம். மனிதர்களுக்கு மட்டும் அதைப் போட்டுவிடக் கூடாது. புத்த பிக்குகளுக்கு யௌ’ கூட ஆகாது. அவர்களுக்குத் தனியாக பா: உண்டு.

கடையில் தேவைப்படும் வாக்கியங்கள் சிறியவை. ‘இது எவ்வளவு?’ தா³ பெ³-லௌ’-லெ:. ‘இருக்கிறதா?’ ஷி·-லா:. ‘இருக்கிறது’ ஷி·-தெ³. ‘இல்லை’ ம-ஷி·-பூ³:. இந்த நான்கிலேயே இலக்கணத்தின் எலும்புக்கூடு தெரிகிறது. ஆம்-இல்லை கேள்விக்குக் கடைசியில் லா:, நம் ‘இருக்கா’வின் ஆ போல. என்ன, எங்கே, எவ்வளவு என்ற கேள்விக்கு லா: வராது, லெ: வரும். மறுப்புக்கு வினையை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும்: முன்னால் ம-, பின்னால் பூ³:. முன்னால் உள்ள ம-வைச் சொல்லிவிட்டுப் பின்னால் உள்ளதை மறப்பதுதான் தமிழர் அதிகம் செய்யும் பிழை. தெ³ என்பதும் விதிப்படி மாறும். தொண்டை அடைபடும் வினைக்குப் பின் தெ ஆகும். ‘பிடிக்கும்’ சை’-தெ. ‘கொடுங்கள்’ பே:-பா³. பா³ சேர்த்தால் மரியாதை. அதை எப்போதும் சேர்த்துவிடுங்கள்.

மிங்கலாபா என்ற வணக்கம் மங்கலத்திலிருந்து வந்தது, எங்கும் செல்லும். ஆனால் தினமும் பார்ப்பவர்களிடம் அது கொஞ்சம் விறைப்பு. அவர்களிடம் த²மிங்: ஸா: பீ:-பி³-லா: என்பார்கள்; ‘சாப்பிட்டாச்சா?’ என்பதேதான். நன்றிக்கு சே:ஃஸூ: திங்-பா³-தெ³.

உணவுச் சொற்களில் யே தண்ணீர், த²மிங்: சோறு, ஹிங்: குழம்பு, ஃத-ஜா: சர்க்கரை. உறைப்பாக இருக்கிறது ஸா’-தெ. சைவம் என்பதற்கு ஃதெ’-ஃதா’-லு’. நம்மில் சைவர்கள் அந்தச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. தேயிலைச் சாலட்டில் உலர்ந்த இறாலும், குழம்பிலும் தொடுகறியிலும் ஙபி என்ற மீன் விழுதும் சேர்ப்பது வழக்கம். ‘ஙபி போடாதீர்கள்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்: ஙபி ம-தெ²·-பா³-நெ·. மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதற்கு அமெ:-ஃதா: ம-ஸா:-பூ³:. பர்மிய வீடுகளிலும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் உண்டு, அதனால் யாரும் வியப்படைய மாட்டார்கள். தேநீரில் பால், இனிப்பு, கடுப்பு அளவுக்கெல்லாம் தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். சோ²-ஸெய்ங்· என்றால் இனிப்பும் பாலும் தூக்கல், ச·-ஸெய்ங்· என்றால் கடுப்பும் பாலும்.

பர்மியத் தாதியரோடும் பணிப்பெண்களோடும் வேலை செய்பவர்களுக்கு, வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்களுக்கு, மருந்துக் கணக்கு அவசியம். ஸே: மருந்து. இரண்டு மாத்திரை ஸே: ஹ்ன-லோங்:. ஒரு நாளைக்கு மூன்று வேளை த-நே· ஃதோங்:-ஜெய்ங். எங்கே வலிக்கிறது பெ³-ஹ்மா நா-லெ:. மணிக்கு நா-யீ, நம் நாழிகையின் உறவு. மூன்று மணி ஃதோங்:-நா-யீ, மூன்றரை ஃதோங்:-நா-யீ-க்வெ³:. மருந்து விஷயத்தில் புதிதாகக் கற்ற மொழியை மட்டும் நம்பக் கூடாது. எண்ணை எழுதியும் காட்டுங்கள்.

எழுதும்போது பர்மிய இலக்கங்கள் வேறு என்பது நினைவில் இருக்கட்டும். எல்லாம் வட்டத்திலிருந்து பிறந்த வடிவங்கள். சுழியம் முழு வட்டம். மூன்றும் நான்கும் எளிதில் மாறிப்போகும், ஆறும் ஒன்பதும் அப்படியே. நாட்காட்டி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், இதைவிட மலிவான பாடப்புத்தகம் கிடையாது. சிங்கப்பூரின் பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதியில் பர்மியக் கடைகள் நிறைந்திருக்கின்றன. அங்குள்ள விலைச்சீட்டுகளும் பலகைகளும் நல்ல பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், கடைக்காரருக்கு நம் உச்சரிப்பைத் திருத்த நேரம் இருக்காது. வாரநாள் மதியம் போங்கள்.

நாட்காட்டியில் கிழமைப் பெயர்கள் தமிழருக்குப் பரிசு மாதிரி. செவ்வாய் இங்-கா³, அது அங்காரகன். புதன் போ³’-த³-ஹூ:. வியாழன் சா-ஃத-ப³-தே³:, பிரகஸ்பதி. வெள்ளி ஃதௌ’-சா, சுக்கிரன். சனி ஸ-நே. ஞாயிறு தனிங்:-க³ன்வே, திங்கள் தனிங்:-லா. இவ்விரண்டையும் நேரடியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஒலி மாறும் முறையைப் பாருங்கள்: பாளி, வடமொழிச் சொற்களின் ஸ பர்மிய வாயில் பெரும்பாலும் ஃத ஆகிறது, ர ய ஆகிறது. சூனியம் ஃதோங்-ஞ· ஆனதும், சர்க்கரை ஃத-ஜா: ஆனதும் அப்படித்தான். புதன்கிழமையை அவர்கள் இரண்டாகப் பிரித்து, பிற்பகலை யா-ஹு· என்கிறார்கள், ராகுவேதான். யாங்கோனின் ஷ்வேடகோன் புத்தக் கோயிலில் பிறந்த கிழமைக்கு ஏற்ற மூலைக்குச் சென்று நீர் வார்த்து வணங்குவார்கள், அதில் புதன் பிறந்தவர் காலையா மாலையா என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரின் பர்மியப் புத்த ஆலயம் இப்போது பாலஸ்டியர் பக்கம் தை ஜின் சாலையில் இருக்கிறது. 1875-இல் அது தொடங்கியது நம் தேக்காவை ஒட்டிய கிந்தா சாலையில்.

பெயர் சொல்லிக் கூப்பிடும்போது முன்னொட்டை விடாதீர்கள். பெரியவர்களில் ஆணுக்கு ஊ:, பெண்ணுக்கு தொ³. ஏறக்குறைய நம் வயதுக்காரர்களில் ஆணுக்கு கோ, பெண்ணுக்கு மா·. குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் பிய்த்துக் கூப்பிடுவது தவறு. நம் பெயர்கள் படிவங்களில் படும் பாடு தெரிந்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பெயர் தெரியாத கடைக்காரப் பெண்ணை அமா· என்றும் ஆணை அகோ என்றும் அழைக்கலாம், அக்கா, அண்ணன்.

கைப்பேசியில் தட்டச்சு செய்ய யூனிகோடு பர்மிய விசைப்பலகையை நிறுவுங்கள். மியன்மார் 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய ஸோஜி எழுத்துருவில் எழுதிய பழைய பதிவுகள் உங்கள் திரையில் குலைந்து தெரியும். சுழிய இலக்கமும் வ எழுத்தும், ஏழு இலக்கமும் ய எழுத்தும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. பலர் இலக்கத்துக்குப் பதில் எழுத்தைத் தட்டிவிடுவார்கள். யாராவது அனுப்பிய தொலைபேசி எண்ணை நகலெடுத்து அழைத்தால் இணைப்பு கிடைக்கவில்லையா, முதலில் 0-வையும் 7-ஐயும் அழித்துவிட்டு நீங்களே தட்டிப் பாருங்கள்.